நரம்பக்கா

"அது நரம்பு இல்லம்மா, ரத்தக்குழாய். நரம்பை நீங்க கண்ணால பாத்தே இருக்க மாட்டீங்க."

பஸ்ஸில் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் நின்ற ஒரு பெண், தன் புறங்கையில் பச்சையாகப் புடைத்திருந்ததைத் தோழியிடம் காட்டி, "நரம்பு எப்படித் தெறிக்குது பாரு" என்று சொன்னதுதான் தாமதம். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே டிரைவர் பதில் சொல்லிவிட்டார். சிவப்பு விளக்கு விழுந்ததும் மீதிப் பாடம் நடந்தது. "இடுப்புக்குப் பக்கத்துல, முதுகெலும்புக்குள்ள ஒரு செல்லு உட்கார்ந்திருக்கும். அதோட வால் கால் வரைக்கும் ஓடும். ஒரே ஒரு செல்லு, இவ்ளோ நீளம்! கண்ணுக்குத்தான் தெரியாது." பச்சை விழுந்தது. பாடம் முடிந்தது.

பயணிகள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் நரம்பக்கா. எனக்கு அண்ணி.

தலைமுடியை ஒரு இழைகூடப் பறக்காமல் இழுத்துக் கட்டியிருப்பார். ஹாரன் அடிப்பது அவருக்குப் பிடிக்காது. "கால் வேலையை ஒழுங்கா செஞ்சா, கைக்கு வேலை மிச்சம்" என்பார். வீட்டில் சமையலறையிலிருந்து பின்னால் நகரும்போதுகூட இரண்டு தோள்களுக்கு மேலாகவும் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். "ரிவர்ஸ் வருது, ஒதுங்கு" என்று அண்ணன் என்னை இழுத்து ஓரமாக நிறுத்துவான்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அவருக்கு வயிற்றுப்போக்கு வந்து சரியானது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு நாள், உள்ளங்கால் பஞ்சை மிதிப்பதுபோல் இருக்கிறது என்றார். மறுநாள் டெப்போவில் அவருடைய பஸ்ஸிலேயே அவரால் ஏற முடியவில்லை. "எவனோ படியை உயரமாக்கிட்டான்னு நெனச்சு, அவனைத் திட்டிக்கிட்டே நின்னேன்" என்று இப்போது சிரிக்கிறார். அன்று சாயங்காலம் அவரைத் தூக்கிக்கொண்டுதான் மருத்துவமனைக்குப் போனோம். கால், கை, பிறகு மூச்சு என்று ஒவ்வொன்றாக நின்றது. தொண்டையில் குழாய் போட்டார்கள். அசைய மிச்சமிருந்தவை கண்கள் மட்டும்.

டாக்டர் அண்ணனையும் என்னையும் உட்காரவைத்துச் சொன்னார். வயிற்றுப்போக்கைக் கொண்டுவந்த கிருமியோடு சண்டை போட்ட உடம்பின் சொந்தப் படை, சண்டை முடிந்த பிறகும் அடங்காமல், நரம்பின் மேலுறையை எதிரி என்று நினைத்துத் தாக்கிவிட்டது. நரம்பு இழையைச் சின்னச் சின்னச் செல்கள் வரிசையாகச் சுற்றிக்கொண்டு காக்கின்றன. ஒரு செல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருக்கும் இடைவெளிகளில் தாவித் தாவித்தான் மூளையின் கட்டளை காலுக்கு ஓடுகிறது. உறை கிழிந்தால் கட்டளை நொண்டும், இல்லையென்றால் நின்றுவிடும்.

"மூளைக்கு ஒண்ணும் ஆகல. நீங்க பேசறது எல்லாம் அவங்களுக்குக் கேக்குது" என்றார் டாக்டர். "உறை திரும்ப வளருமா?" என்று அண்ணன் கேட்டான். "வளரும். பெரும்பாலும் வளரும். ஆனா மெதுவா."

அந்தப் 'பெரும்பாலும்' எங்களைத் தூங்கவிடவில்லை.

பார்க்க வந்த பெரியம்மா கட்டிலோரம் நின்று மூக்கைச் சிந்தினார். "எவ்ளோ பெரிய வண்டியை ஓட்டினவ. இனிமே எங்க..." யாரிடமும் குரல் உயர்த்தாத என் அண்ணன் அன்று உயர்த்தினான். "பெரியம்மா, அவ இங்கதான் இருக்கா. எதுவா இருந்தாலும் அவகிட்டயே பேசுங்க."

அவனுக்கு பேக்கரியில் வேலை. வேலை முடிந்ததும் முழங்கை மாவைக்கூடச் சரியாகக் கழுவாமல் அண்ணி ஓட்டும் வழித்தடத்து பஸ்ஸில் ஏறுவான். கடைசி நிறுத்தம்வரை போவான். திரும்பி வந்து கட்டிலில் கிடப்பவரிடம் ஒப்பிப்பான். "மேம்பாலத்துக்குக் கீழ பள்ளத்தை மூடிட்டாங்க. உன் வண்டியை ஓட்டறவன் கிளட்ச்சைப் போட்டுத் தேய்க்கறான், கேக்கவே சகிக்கல." அண்ணியின் கண்கள் கோபத்தில் விரியும். அந்தக் கோபத்தைப் பார்க்கத்தான் அவன் அதைச் சொல்வான்.

தோள் முதலில் வந்தது. பிறகு கை. கால் கடைசியில், மாதக்கணக்கில் பிடிவாதம் பிடித்துவிட்டு வந்தது. அந்த நாட்களில்தான் அண்ணி பிசியோதெரபி செய்யும் பெண்ணைத் துளைத்தெடுத்து நரம்பைப் பற்றி எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். "கம்பி அறுந்து போகல. மேல சுத்தின உறைதான் போச்சு. அதைத் திரும்பச் சுத்தறதுக்கு உள்ளுக்குள்ளயே ஆளுங்க இருக்காங்க. அவங்களை நாம விரட்ட முடியாது, நம்ம பங்குக்கு எழுந்து நிக்கலாம்" என்பார். நிற்பார். விழுவார். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு மறுபடி நிற்பார்.

டெப்போ மேலாளர் நல்ல மனிதர். விசாரணை ஜன்னலில் இடம் தருவதாகச் சொன்னார். "உட்கார்ந்தே பாக்கற வேலைம்மா."

"பஸ்ஸையும் உட்கார்ந்துதான சார் ஓட்டறேன்."

டாக்டர் சான்று கொடுத்தும் மேலாளருக்கு மனம் ஒப்பவில்லை. காலியான பஸ்ஸில் பரிசோதனை ஓட்டம் வைத்தார்கள். பக்கத்தில் பயிற்சி அதிகாரி உட்கார்ந்திருந்தார். அண்ணனும் நானும் டெப்போ வாசலில் நின்றோம். வளைவு தாண்டி பஸ் நேர்ப்பாதைக்கு வந்தபோது, அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் "நிறுத்து!" என்று கத்தியது எங்களுக்கே கேட்டது. பஸ் ஆணி அடித்ததுபோல் நின்றது. அதிகாரியின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் முன்கண்ணாடியில் மோதியது. அவர் அதைத் தடவித் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, "போதும்மா" என்றார். "இல்ல சார், இன்னொரு தடவை கத்துங்க" என்றாராம் அண்ணி. அண்ணன் என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு இரண்டு நாள் வலி இருந்தது. நான் அதை யாரிடமும் புகாராகச் சொல்லவில்லை.

இப்போது விடுமுறை நாட்களில் அந்த மருத்துவமனைக்குப் போகிறார். இதே நோயோடு யாராவது வந்திருந்தால் வார்டிலிருந்து அழைப்பு வந்துவிடும். போன வாரம் அப்படி அழைப்பு வந்ததும், விடுமுறைக்குக் காத்திருக்காமல் வேலை முடிந்த கையோடு சீருடையிலேயே கிளம்பினார். நானும் கூடப் போனேன். லாரி மெக்கானிக் ஒருவர், தொண்டையில் குழாயோடு கிடந்தார். அவருடைய மனைவி எங்களைப் பார்த்ததும், "கூப்பிட்டா ஒரு அசைவும் இல்லக்கா. கட்டை மாதிரி கிடக்கறார்" என்று அழுதார்.

அண்ணி அந்தப் பெண்ணின் கையை ஒருமுறை அழுத்திவிட்டு, நேரே தலைமாட்டுக்குப் போனார். "தம்பி, நான் பஸ் டிரைவர். இதே மாதிரி கிடந்தவதான். நீ கேட்டுக்கிட்டு இருக்கேன்னு எனக்குத் தெரியும்."

மெக்கானிக்கின் கண்கள் திரும்பின.

அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஷூவின் கயிற்றை அவிழ்த்து, காலுறையை உருவினார். "மேடம், என்ன பண்றீங்க?" என்று நர்ஸ் ஓடிவந்தார். அதற்குள் அண்ணி வலது காலைத் தூக்கி, மெக்கானிக்கின் கண்ணுக்கு நேராக, கட்டில் கம்பியின் மேல் வைத்துவிட்டார். பிறகு விரல்களை ஆட்டினார். பெருவிரல் முதலில் அசைந்தது. அடுத்தடுத்த விரல்கள் அதைத் தொடர்ந்தன. சுண்டுவிரல் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்துகொண்டது.