இறக்கைக்கு ஒரு துணி

போர் முடிந்த மறுவருடம், விமானப்படையில் பெரிய பதவியை விட்டு விமானத் தொழிற்சாலையில் சேர்ந்த திருச்சுழிக்காரர் ஒருவர் அருப்புக்கோட்டைக்கு வந்திருந்தார். உள்ளூர் நிருபரான நான், அவர் சம்பளத்துக்காகவே விலகினார் என்று எழுதி, காலையிலேயே பத்திரிகைக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். மாலையில்தான் அவரை ஒரு தறிக்காரர் வீட்டில் பார்த்தேன். விமான இறக்கையில் போர்த்துவதற்கான பருத்தித் துணியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“கஞ்சிய அலசாம விட்டுட்டீகளே அண்ணாச்சி, மேல்பூச்சு ஒட்டாதே.”

“அலசுனா தொளதொளன்னு ஆயிரும். எந்தக் கடைக்காரன் வாங்குவான்?”

“கடைக்காரன் இதுல பறக்கப்போறதில்லையே!”

தறிக்காரர் சிரித்துவிட்டார்.

“பறக்கிறதை விட்டுட்டு துணி பார்க்க வந்துட்டீங்களே, சார்?” என்றேன்.

“இறக்கைத் துணி கிழிஞ்சுதான் என் கூட்டாளி விழுந்தான். தரையில இருந்து ஒருத்தராவது பார்த்திருக்கணும்ல?”

உடனே ஓடிப்போய், காலையில் அனுப்பியதைப் போடவேண்டாம் என்று பத்திரிகைக்குத் தந்தி அடித்தேன். செய்தி அச்சேறவில்லை. அப்படி எழுதியதை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.