சரக்குக் கறியில் மிளகாய்த்தூள்

என் சமையல் வலைப்பூவை ஒரு பெரிய கொம்பனி வாங்கிவிட்டது என்று மெல்பேர்னில் நாங்கள் இருக்கும் கிரான்பர்ன் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். நடந்தது வேறு. சிட்னியில் ஒரு பெண், என்னைப் போல வீட்டிலிருந்து எழுதுகிறவர்களைத் தேடிப் பிடித்து ஒரு வலையமைப்பாகச் சேர்த்தாள். எங்கள் எல்லோருக்கும் மொத்தமாக விளம்பரம் வாங்கித் தந்தாள். வாசகர்கள் பெருகினார்கள். பிறகு அதை அப்படியே அந்தக் கொம்பனிக்கு விற்றாள். நாங்களும் சாமானோடு சாமானாகப் போனோம்.

ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட நான் வாசிக்கவில்லை. பக்கத்தின் மேலே போடும் படத்துக்கு எந்தச் சேலை கட்டுவது என்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய பிரச்சினை. புதிய சமையல் குறிப்பு தேவையில்லை, பழையவற்றைத் தாங்களே திருத்திப் போடுகிறோம் என்று எழுதினார்கள். நல்லதாய்ப் போயிற்று என்று விட்டுவிட்டேன். அதன் பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆனால் கேரம் டவுன்ஸ் கோயிலில் ஒரு அன்ரி, "பிள்ளை இப்ப பெரிய ஆளெல்லே" என்றபோது வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.

போன குளிர்காலத்தில், எங்கள் தமிழ்க் கடையில் மீன் வாங்க நின்றபோது ஒரு பெடியன் தயங்கித் தயங்கி வந்தான். மன்னார்ப் பக்கம், படகில் வந்தவன், இன்னும் தற்காலிக விசாதான். அவனுடைய மனைவிக்குத் தாய் இல்லை. இங்கே சொந்தம் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

"அக்கா, மனுசிக்குப் பிள்ளை பிறந்து ஒரு கிழமை. நீங்கள் எழுதின சரக்குக் கறியைத்தான் காய்ச்சிக் குடுக்கிறன். வயிறு எரியுது எண்டு அழுறா. நான் எங்கயோ பிழை விட்டிட்டன் போல."

போனை நீட்டினான். வாங்கி வாசித்தேன். பிள்ளை பெற்றவளுக்கு மல்லியும் மிளகும் சீரகமும் வறுத்து அரைத்து, உள்ளிப்பூண்டை அள்ளிப் போட்டுக் காய்ச்சுகிற மீன்கறி அது. மிளகாய் உறைப்பு ஆகவே ஆகாது. அதைக் கொம்பனிக்காரர் குளிருக்கு இதமான உறைப்பு மீன்கறி ஆக்கியிருந்தார்கள். வறுத்து அரைப்பது எல்லாம் போய், மூன்று கரண்டி மிளகாய்த்தூள் வந்திருந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்லது என்று நான் எழுதிய வரியை மட்டும் தொடவில்லை. ஆட்களைக் கூட்டி வருகிற வரி அதுதானே.

"மிளகாய்த்தூள் கூடாதெண்டு எங்கட ஆக்கள் சொல்லுறவைதான். ஆனா நீங்களே போட்டிருக்கிறியள் எண்டு நம்பிப் போட்டன்."

இதை நான் எழுதவில்லை என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் என் தம்பட்டத்தைக் கேட்ட முகங்கள் நாலைந்து நின்றன. "மிளகாய்த்தூளை விடுங்கோ தம்பி, நான் பின்னேரம் காய்ச்சிக்கொண்டு வாறன்" என்று மழுப்பினேன். எவ்வளவு கேவலம்.

பால்சுறா மீன் வாங்கிப்போய், சரக்கு வறுத்து அரைத்துக் காய்ச்சிக் கொண்டுபோனேன். அவன் மனைவி வெளிறிப்போய்க் கதிரையில் இருந்தாள். நாலு வாய் சாப்பிட்ட பிறகுதான் முகம் தெளிந்தது. பிறகு புருசனை ஏசத் தொடங்கினாள்.

"அக்காவின்ர கறி இப்பிடி இருக்குது. நீங்கள் கண்டபடி தூளைக் கொட்டி என்னைச் சாக்காட்டப் பாத்தனீங்கள், என்ன?"

அவன் போனைக் காட்டித் தப்பியிருக்கலாம். காட்டவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை என்று விளங்கியபோது என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை.

"அவரை ஏசாதேங்கோ தங்கச்சி. அங்க எழுதியிருந்த மாதிரித்தான் காய்ச்சினவர். ஆனா அதை நான் எழுதேல்லை. என்ர பேரில வேற ஆரோ எழுதியிருக்கினம். எனக்கே இண்டைக்குத்தான் தெரியும்."

அவன் நிமிர்ந்தான்.

"அப்ப நான் ஆரை நம்பிக் காய்ச்சினனான், அக்கா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கொம்பனியைத் திட்டித் தப்பியிருப்பேன். அவன் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.