இளையவளின் எடை

எலி பிடிப்பதில் என் கணவரை மிஞ்ச தெமோதரைப் பக்கத்தில் ஆள் கிடையாது. அவருக்குத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை. தோட்டம் கொடுத்த எங்கள் பழைய வீட்டின் கூரைக்குள் எலிகள் குடும்பம் குடும்பமாக இருந்தன. பொறி, மருந்து, ஒட்டுப் பலகை என்று அவரிடம் இல்லாத ஆயுதம் இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் எங்கள் மகள் பதுளையில் மீன் தொட்டி விற்கும் கடையிலிருந்து இரண்டு வெள்ளை எலிகளை வாங்கி வந்தாள்.

"நான் எலிய வெரட்ட வழி தேடுறேன், நீ காசு குடுத்து வாங்கிட்டு வர்றியா?" என்று குதித்தார். மகள் சிரித்தாள். சில மாதங்களில் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். எலிகளை வளர்க்கும் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது.

இரண்டும் பெண். மூத்தவள், இளையவள் என்று கூப்பிட்டோம். எது முதலில் பிறந்தது என்பது கடைக்காரருக்கே தெரியாது. மூத்தவள் என்னோடு சமையலறையில் இருப்பாள். இளையவளுக்கு அவர்தான் எல்லாம். மாலையில் தோட்டத்தில் பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு அவர் வீட்டுக்கு வந்ததும் ஸ்வெட்டருக்குள் புகுந்து கழுத்து வழியாகத் தலையை நீட்டுவாள். "வந்துட்டியா தங்கம்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

முதலில் மூத்தவளுக்குத்தான் முன்னங்காலின் கீழ் ஒரு கட்டி வந்தது. "மாசமா இருக்கு போல" என்றார். "ஆம்பளையே இல்லாத கூட்டுல எப்படிங்க?" என்று கேட்டேன். தொட்டுப் பார்த்தால் தோலுக்கடியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. பஸ் ஏறி பதுளைக்குக் கொண்டு போனோம். மிருக வைத்தியர் யாழ்ப்பாணத்துப் பெண். மாடும் நாயும் பார்க்கிறவர், முகம் சுளிக்காமல் எலியைக் கையில் வாங்கினார்.

"பெண் எலியளுக்கு வயசு போகப் போக இது வாறதுதான். பால் சுரக்கிற சதை கழுத்தடியில இருந்து பின்னங்கால் வரைக்கும் பரவியிருக்கும், எங்கையும் கட்டி வரலாம். அநேகமா கெட்ட கட்டியா இராது. ஆனால் வளர்ந்துகொண்டே போகும்" என்றார்.

மூத்தவளுக்கு அப்போது உடம்பில் தெம்பு இருந்தது. கட்டியை வெட்டி எடுத்தார்கள். தையலைக் கடித்து என் உயிரை வாங்கினாள், ஆனாலும் தேறினாள். பிறகு பல மாதம் நன்றாக இருந்து, ஒரு காலையில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள்.

இளையவளுக்குக் கட்டி வந்தபோது அவள் கிழவியாகிவிட்டாள். மூச்சு விட்டால் சீழ்க்கை கேட்கும். வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு இனி மயக்க மருந்து தாங்காது. தின்னுது, ஓடித் திரியுது எண்டால் விடுங்கோ. கட்டியில தோல் வெடிச்சால், இல்லாட்டி உடம்பு மெலிஞ்சால் கொண்டு வாங்கோ. வலியில்லாமல் அனுப்பி விடுவம்" என்றார்.

 மெலிந்தால்தானே கொண்டுபோக வேண்டும் என்ற ஒன்றை மட்டும் என் கணவர் பிடித்துக்கொண்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் கேக் செய்ய மா நிறுக்கும் தராசை எடுத்து மேசையில் வைத்தார். காலி ஐஸ்கிரீம் டப்பாவை அதன்மேல் வைத்து, முள்ளைப் பூச்சியத்துக்குத் திருப்பி, அதற்குள் இளையவளை இறக்கினார். டப்பாவின் எடை கழிந்துவிட வேண்டுமாம். தொழில் பழக்கம். அதன்பிறகு ஞாயிறு தவறாமல் நிறுவை நடந்தது. "குறையலை" என்பார். அன்று முழுக்க முகம் தெளிவாக இருக்கும்.

கட்டி வளர்ந்தது. நான் கூண்டின் மேல் தட்டுகளைக் கழற்றினேன், ஏறி விழக் கூடாது என்று. கம்பியில் கட்டி உரசாமல் பழைய பருத்திச் சேலையைக் கிழித்து விரித்தேன். குனிந்து தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ள அவளால் முடியவில்லை. வெதுவெதுப்பான துணியால் நானே துடைத்துவிட்டேன். துடைக்கும்போதெல்லாம் முதுகெலும்பு விரலில் தட்டியது. சோற்றைக் குழைத்து வைத்தால் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வாள்.

"டொக்டர்கிட்ட போவோங்க" என்றேன்.

"எட குறையலையே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மலையில பொம்பளைங்க பறிச்ச கொழுந்த நிறுக்கிறப்ப சாக்குக்குன்னு எடையில வெட்டுறீங்க, மழத்தண்ணிக்குன்னு வெட்டுறீங்க. அவங்க கெஞ்சினாலும் விட மாட்டீங்க. இவ ஒடம்புல தொங்குற கட்டிக்கு மட்டும் ஏன் எடையில வெட்ட மாட்டேங்கிறீங்க?"

அவர் இளையவளைத் தூக்கி, கட்டியை உள்ளங்கையில் வெகுநேரம் ஏந்திப் பார்த்தார். பிறகு சமையலறைக்குள் போய் எலுமிச்சங்காய்க் கூடையைக் கிளறினார். ஒன்றை எடுத்தார், கட்டியைவிடச் சிறிது என்று திரும்ப வைத்தார். இன்னொன்றை எடுத்து உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துவிட்டுத் தராசில் வைத்தார். முள்ளைப் பார்த்தார். உதடு அசைந்தது. கணக்கு எவ்வளவு வந்தது என்று என்னிடம் சொல்லவில்லை. கூடையில் அந்தக் காயைப் போட்டுவிட்டு, "நாளைக்குப் போவோம்" என்றார்.

மறுநாள் லீவு போட்டார். பஸ்ஸில் இளையவள் அவருடைய ஸ்வெட்டருக்குள்ளேயே வந்தாள். தலையை நீட்டிப் பார்க்கவில்லை. வைத்தியர் முதலில் அவளைத் தம் தராசில் வைத்தார்.

"எடை ஒண்டும் குறையேல்லையே" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பேசினார். கொழுந்து நிறுக்கும் கொட்டிலில் பேசுகிற அதே குரல்.

"கட்டிக்குக் கழிச்சுப் பாருங்க டொக்டர். கழிச்சா புள்ளைக்கு ஒண்ணுமே மிச்சமில்ல."

வைத்தியர் இளையவளின் முதுகை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, அவளைத் தூக்கி என் கணவர் கையிலேயே கொடுத்து, ஊசி மருந்தை எடுக்கப் போனார்.