வேறொரு கரை

முழங்கால்வரை சுருட்டிவிட்ட கால்சட்டையோடு சேற்றில் நின்று, காலுறை திணித்த ஷூக்களைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும்படி அந்தக் கனடாக்காரர் என்னிடம் நீட்டினார். இருபத்தைந்து வருடம் ஆகிறது. வாங்கிக்கொண்டபோது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஷூவின் நாடாக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பர்மாவில், யாங்கோன் நகரத்தின் கியாக்டடா வட்டாரத்திலிருந்த ஒரு சுற்றுலா அலுவலகத்தில் நான் வழிகாட்டி. வீடும் அதே நகரத்தில், மிங்கலா தாங்ஞுன்ட்டில். பெரியவருக்கு எண்பதை நெருங்கும் வயது. உலகப் போரின்போது, படைவீரர்களை ஏற்றிவந்து யாங்கோன் ஆற்றின் முகத்துவாரத்தில் இறக்கிய படகுகளில் ஒன்றை ஓட்டியவர். அங்கே இறந்துபோன தன் நண்பனின் இடத்தில் ஒருமுறை நிற்கவேண்டும் என்பதற்காகவே கனடாவிலிருந்து வந்திருந்தார். ஆற்றின் வளைவையும் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பகோடாவையும் தன் கையாலேயே வரைந்து முன்னதாகவே அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார். அவர் வருவதற்கு முந்தின வாரமே டிரைவர் அண்ணனும் நானும் போய் அந்த இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தோம். ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அவரைக் கூட்டிப்போன அன்று மாலை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. காரோடு படகில் ஆற்றைக் கடந்து, அக்கரையிலுள்ள டாலாவைத் தாண்டியதும் மழையில் பாதை குழைந்துபோய்க் கார் ஓர் ஓடைக்கரையில் நின்றுவிட்டது. இன்னும் இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும், திரும்பவும் வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிறகு இறங்கி, கையை நீட்டி, "இதுதான்" என்றேன்.

டிரைவர் அண்ணன் பர்மிய மொழியில், "தங்கச்சி, இது அந்த இடம் இல்லையே" என்றார். பேசாமல் இருங்கள் என்றேன். பெரியவர் பகோடா எங்கே என்று கேட்டார். எப்போதோ இடிந்திருக்கும் என்றேன். அந்த இரண்டாவது பொய் முதல் பொய்யைவிட எளிதாக வந்தது.

அவர் ஓடைக்குள் இறங்கி நின்று நெடுநேரம் தண்ணீரோடு பேசினார். கரையேறியதும், வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை என்று என்னிடம் சொன்னார்: "கரை வந்துவிட்டது என்று நினைத்துப் படகின் முன்பக்கக் கதவை இறக்கிவிட்டேன். அங்கே இரண்டு ஆள் ஆழம். அவன்தான் முதலில் இறங்கினான். முதுகில் மூட்டையோடு போனவன் மேலே வரவில்லை." இன்று அவனிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டதாகச் சொல்லி, என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். நான் தலையாட்டினேன். சாயங்காலம் நேரத்துக்கு வீடு போய்ச் சேர்ந்து புடவை கட்டிக்கொண்டேன். அந்தச் சம்பந்தம் அமையவில்லை என்பதை ஒரு தண்டனையாக நினைத்து ஆறுதல் அடைந்த நாட்களும் உண்டு. அதற்கும் இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன வருடம் அவருடைய மகளிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா நூறு வயதைத் தாண்டி இறந்துவிட்டார், அவருடைய அஸ்தியை அதே இடத்தில் கரைக்க ஆசைப்பட்டாராம், நான்தான் கூட்டிப்போக வேண்டுமாம். வாருங்கள் என்று மட்டும் எழுதினேன். உண்மையை எழுத மூன்று முறை உட்கார்ந்தும் முடியவில்லை. காரையும் ஏற்றிக்கொண்டு டாலா போகும் படகில், அஸ்திப் பெட்டியை மடியில் வைத்திருந்த அந்த அம்மாளிடம்தான் சொன்னேன். பெண் பார்க்க வந்தது வரை, என் பொய்யில் எதையும் விடவில்லை; அப்பா அங்கே மன்னிப்புக் கேட்டார் என்றேனே தவிர, எதற்கென்று சொல்லவில்லை.

 அவர், சரியான இடம் உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார்.

இந்த முறை ஓடைக்கரையில் காரை நிறுத்திவிட்டு நடந்தோம். பகோடா அங்கேயேதான் இருந்தது, புதிதாகச் சுண்ணாம்பு அடித்து. தண்ணீர் ஓரத்தில் நின்று அந்த அம்மாள், "அப்பா அன்றைக்குச் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். இங்கே கேட்க வேண்டிய அவருடைய நண்பர் இன்னும் கேட்கவில்லை" என்றார்.

சொன்னேன். படகுக் கதவைப் பற்றித் தன் அப்பா இத்தனை காலம் மறைத்ததை ஒரு மகள் என் வாயால் கேட்க நேர்ந்தது. சொல்லி முடித்ததும் அவர் பெட்டியைத் திறந்தார். நான் பக்கத்தில் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை.

திரும்பும்போது காரின் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். யாங்கோன் வந்து சேரும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்த எனக்கு, அவர் பேசாததுதான் நியாயம் என்று பட்டது.