பெட்ரோல் குடித்த கார்

எங்கள் கார் பெட்ரோல் குடிக்கிறது என்று சித்தப்பாதான் கண்டுபிடித்தார். தாராவியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த அவர் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. “குடிகார வண்டிய வச்சுக்கிட்டு என்னண்ணே செய்ய? வித்துப்போடுங்க” என்றார். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அம்மா இறந்த பிறகு அவள் வாசனை மிச்சமிருந்தது அந்தக் காரின் முன்சீட்டில் மட்டும்தான். நான் அழுத அழுகையில், விற்பதற்கு முன் ஒருமுறை ஒழுங்காக மைலேஜ் பார்த்துவிடலாம் என்று சித்தப்பா இறங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை செம்பூர் பெட்ரோல் பம்பில் டேங்கை நிரப்பினோம். குழாய் தானாக நின்ற பிறகும், சில்லறை வராமலிருக்க இன்னும் கொஞ்சம் ஊற்றப் போனார் பம்ப்காரர். சித்தப்பா பாய்ந்து தடுத்தார். “ருக்கோ பாய், ருக்கோ! அதுவா நிக்கித எடம்தான் கணக்கு.” வண்டியில் கிலோமீட்டர் காட்டும் மீட்டரைப் பூஜ்யமாக்கினார். அப்பா தினமும் வேலைக்குப் போகும் அம்பர்நாத் வழியிலேயே, வழக்கம்போல ஏசி போட்டுக்கொண்டு போய்த் திரும்ப வேண்டும். “ஏட்டி, நீதான் சாட்சி” என்று என்னை முன்சீட்டில் ஏற்றிவிட்டார். வழியெல்லாம் அப்பா ரோட்டையே பார்த்து ஓட்டினார். மூச்சு விட்டால்கூட பெட்ரோல் செலவாகிவிடும் என்று நானும் அடங்கியே வந்தேன்.

திரும்பி வந்து, அதே பம்பில், அதே இடத்தில் நிறுத்தி நிரப்பினோம். ஓடிய கிலோமீட்டரை இப்போது பிடித்த லிட்டரால் வகுத்துப் பார்த்த சித்தப்பா தலையைச் சொறிந்தார். வண்டி புதிதில் கொடுத்த மைலேஜ் அப்படியே இருந்தது!

“வண்டில ஒரு கோளாறும் இல்லண்ணே. பெறவு போடுத பெட்ரோலெல்லாம் எங்க போவுது?”

“கெடக்கட்டும்ல. வண்டிய விக்க வேண்டாம்” என்றார் அப்பா. நான் அங்கேயே குதித்தேன்.

மறுநாளிலிருந்து பழையபடிதான். பள்ளிவிட்டு வந்து, பூட்டைத் திறந்து, மூன்றாம் மாடி ஜன்னலில் தனியாக நிற்பேன். கார் கேட்டுக்குள் நுழைந்ததும் ஓடிப்போய் அப்பாவுக்கு டீ போடுவேன். அவர் மேலே வரமாட்டார். எட்டிப் பார்த்தால், கண்ணாடி ஏற்றிய கார் உறுமிக்கொண்டு அங்கேயே நிற்கும். அடியில் ஏசி தண்ணீர் சொட்டித் தரை நனைந்து கிடக்கும். யாரோடோ போன் பேசுகிறார் போல என்று நினைத்துக்கொண்டு, ஆறிப்போன டீயைத் திரும்பச் சூடாக்குவேன்.

அந்த முன்சீட்டு அவருக்கும் வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றவேயில்லை. எனக்காகத்தான் காரை விற்கவில்லை என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.