கரண்டு போனாலும் மெயில் மூடாது

எங்கள் பபேடான் பேட்டையில் காதர் பாயின் இன்டர்நெட் கடையில், சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணனுக்கு என் மகளின் பாஸ்போர்ட் நகலை மெயிலில் அனுப்பினேன். அனுப்பி முடித்ததுமே, வழக்கம்போல், கரண்டு போய்விட்டது. திரை இருண்டதும் எல்லாம் தானாக மூடிக்கொண்டது என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் பாயே வீடு தேடி வந்தார்.

“டீச்சர், பாஸ்வேர்டை ஞாபகம் வச்சுக்கச் சொல்ற கட்டத்துல டிக் போட்டிருக்கீங்க. கரண்டு வந்ததும் அடுத்து உக்காந்தவர் மெயிலைத் திறந்தா, நேரா உங்களோடது வருது. நல்ல மனுஷர், என்னைக் கூப்பிட்டார். மூடிட்டேன். ஒண்ணையும் படிக்கலை.”

உடனே அவரோடு போய்ப் பாஸ்வேர்டை மாற்றினேன்.

இப்போது அந்தக் கட்டத்தைத் தொடுவதில்லை. கரண்டு போனாலும் நாற்காலியை விட்டு எழுவதில்லை. அது திரும்பி வந்து, மெயிலை நானே மூடிய பிறகுதான் கிளம்புகிறேன். பாய் எனக்கென்றே ஓர் ஓலை விசிறி வாங்கி வைத்திருக்கிறார்.