ஏழாவது தளபதியின் முகம்

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஓவியக் கடை. வல்லம் பஸ் வர நேரமிருப்பதால் உள்ளே போகிறேன். போர்க்காலக் கடற்படைத் தளபதிகள் ஏழு பேர் ஒரே படத்தில், நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு நிற்கிறார்கள். முன்னாள் படைவீரர் சங்கத்தில் மாட்டுவதற்காம். ஏழாவது ஆளுக்கு மட்டும் முகமில்லை.

"அவங்க குடுத்த போட்டோவுல இவரு மூஞ்சி மட்டும் தெரியல சார்," என்கிறார் ஓவியர்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அவருடைய அக்கா, இறந்துபோன கணவரின் போட்டோவைப் பையிலிருந்து எடுக்கிறார்.

"எங்க வூட்டுக்காரரும் அந்தச் சண்டையில கப்பல்ல சமையல்காரரா இருந்தாரு. இவரு மூஞ்சிய வையேன்டா. இன்னா கொறஞ்சிடப் போவுது?"

"சங்கத்துக்காரங்க என்ன சும்மா வுடுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஓவியர் தூரிகையை எடுக்கிறார். நான் பஸ்ஸை விட்டுவிடுகிறேன்.

சாயங்காலம் சங்கத் தலைவர் வருகிறார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஏழாவது முகத்தின் முன் நின்றுவிடுகிறார். ஓவியர் போட்டோவை மெல்ல அக்காவின் பைக்குள் தள்ளுகிறார்.

"பாத்தாலே தெரியுதே! இவருதான் அசல் ஆபீசரு," என்று சொல்லிவிட்டு, தலைவர் விறைப்பாக நின்று சல்யூட் அடிக்கிறார்.

படத்தில் இருப்பவரால் முடியாது என்பதால், அக்கா எழுந்து நின்று பதிலுக்குக் கும்பிடுகிறார்.